கண்ணாடி பீரோவில் வேப்பிலை

வாங்கிய பொருளைத் திறக்காமலே வைத்திருப்பதற்குப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம். வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் அவசரப்பட்டுத் திறந்து கெடுத்தவனாக இருந்தால் போதும். அந்தத் தகுதி எனக்கு வேண்டிய மட்டும் உண்டு. அதனால்தான் என் கண்ணாடி பீரோவின் நடுத்தட்டில் ஒரு பெட்டி, கம்பெனியில் ஒட்டிய டேப் ஒட்டியபடியே, பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. முன்னறை ஜெராக்ஸ் கடை. அடுத்த அறையில் டிவி, டிவியை ஒட்டி பீரோ, பீரோ நிறைய பொம்மைகள். கொலுவில் வைக்கிற மண் பொம்மைகள் என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றுக்கு ஊரில் மரியாதை உண்டு. என்னுடையவை பிளாஸ்டிக். கண் மூடித் திறப்பவை, முடி வாரக் கொடுப்பவை, அழுத்தினால் எதையோ சொல்பவை. ஓய்ந்த நேரத்தில் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். கட்டுரையைப் படித்துச் சிரிக்காதவர்கள்கூட வீட்டுக்கு வந்து பீரோவைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள். மீசை நரைத்தவன் வீட்டில் கவுன் போட்ட பொம்மைகள் வரிசையாக நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை. இந்தப் பக்கத்தில் மூன்று பேர் இருக்கிறோம். பழையசீவரத்தில் ஒருவர், சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க வேகன் கதவுகளின் சீல் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த மனிதர், ஓய்வுக்குப் பிறகு பொம்மைப் பெட்டிகளின் சீலைப் பார்க்கிறார். இன்னொருவர் வாலாஜாபாத்தில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. அவருக்குப் பெட்டி என்றாலே பிடிக்காது. பொம்மையை வாங்கின அன்றைக்கே பிரித்து, போட்டிருக்கும் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, பட்டுக் கரைத் துண்டில் பாவாடை தைத்துப் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் எங்கள் வீட்டில் கூடி, பிள்ளைகள் சேனலைப் போட்டுக்கொண்டு விளம்பரம் பார்ப்போம். நடுவில் கார்ட்டூன் வந்தால் காபி குடிக்க எழுந்து போவோம். உலகத்தில் வேறு யாரும் இப்படி டிவி பார்ப்பதில்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

"பாத்தியா நைனா, பொண்ணு வேற, கை வேற" என்பார் கார்டு. "மூஞ்சி காட்டும்போது நகத்துல ஒண்ணும் இல்ல. பொம்மைக்குத் தல வாரும்போது பாலிஷ் கீது. எவளோ ஒரு பெரிய பொம்பள கையி."

"அந்தக் கவுனுக்குப் பின்னாடி பூரா குண்டூசி சார்" என்பார் தையல்கார அம்மா. "முன்னாடி மட்டும்தான் பிட்டிங்கு. வாங்கிப் போய்ப் பாத்தா கோணிப்பை மாதிரி தொங்கும்."

நான் படித்தவன் என்பதால் திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்தைப் படிப்பேன். பொம்மை தானாக நடக்காது, பேட்டரி தனியாக வாங்க வேண்டும், காட்டப்படும் தோட்டம் பெட்டிக்குள் வராது.

திட்டுவதற்காக மட்டும் பார்க்கவில்லை. எங்கள் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. ஒரு பொம்மையின் விளம்பரம் வந்துகொண்டிருக்கும் வரை அதை நாங்கள் வாங்க மாட்டோம். விளம்பரம் நின்றதும் கிளம்புவோம். விற்காமல் போனால்தான் விளம்பரத்தை நிறுத்துவார்கள்; அப்போது வாலாஜாபாத், செங்கல்பட்டுக் கடைகளில் மேல் பலகையில் வெயில் தின்று ஒன்றிரண்டு கிடக்கும். தோற்றுப்போன பொம்மைகளுக்குத்தான் பின்னாளில் மவுசு. எங்களையும் அப்படி ஒருநாள் யாராவது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையில் இருக்கிறோமோ என்னவோ.

நடுத்தட்டுப் பெட்டியில் இருந்தவள் அப்படி வந்தவள்தான். வெள்ளைக் கவுனில் சிவப்புப் பொட்டுப் பொட்டாகப் போட்டிருக்கும். முன்பக்கம் பிளாஸ்டிக் தாள் வழியாக முகமும் கவுனும் தெரியும். அவளுடைய விளம்பரம் எனக்கு இன்னும் மனப்பாடம். மழை. ஜன்னலோரம் ஒரு சிறுமி தனியாக. அம்மா வேலைக்குப் போயிருப்பாள். பெட்டி திறக்கும், பொம்மை கண் விழிக்கும், "இனி நீ தனியா இல்லை" என்று ஒரு குரல், இந்தி வாய் அசைவுக்குள் தமிழைத் திணித்துச் சொல்லும். அழவைப்பதற்கென்றே எழுதப்பட்ட விளம்பரம். நாட்டில் ஒருவரும் வாங்கவில்லை போலிருக்கிறது. பிரிக்காத பெட்டி எங்களுக்குத் தெரிந்தவரை என்னிடம் மட்டும்தான். ஜூன் மாதம் சென்னையில் ஒரு மண்டபத்தில் பொம்மை சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள். அதில் என் பெட்டிக்குத் தனி மேசை, என் பெயர் எழுதிய அட்டை. ஒரே நிபந்தனை, டேப் பிரிந்திருக்கக் கூடாது. எழுதிய எதற்கும் கிடைக்காத மேசை, எதையும் செய்யாமல் விட்டதற்குக் கிடைத்திருந்தது.

மே மாதம் பிறந்த உடனே கார்டு போன் பண்ணினார். "நைனா, டிவி போடு. உன் பொண்ணு வந்துகினு கீறா."

போட்டேன். அவளேதான். கம்பெனிக்காரன் பழைய அச்சைத் தூசி தட்டி மறுபடி இறக்கியிருந்தான். செருப்பில் விளக்கு எரிந்தது, பாட்டு வேறு பாடினாள். ஆனால் அதே முகம், அதே பொட்டுக் கவுன், அதே ஜன்னல், அதே "இனி நீ தனியா இல்லை". குழாயடியில் பழைய காதலியைப் பார்த்தவன் மாதிரி நின்றேன். தையல்கார அம்மா போனில் ஆறுதல் சொன்னார்: "உங்களுது இனிமே கிழவி சார். ஆனா கிழவிக்குத்தான் மேசை போட்டிருக்கான்."

இந்த நிலைமையில்தான் என் மச்சினன் மகள் வந்து சேர்ந்தாள்.

மச்சினன் காவாந்தண்டலத்தில் பயிர் வைக்கிறவன். அவன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். நாள் நெருங்குவதற்கு முன்பே இரத்தக் கொதிப்பு என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அவன் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று. ஏழு வயதுப் பெண்ணை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அவள் ஒரு பையோடு வந்தாள். பையைப் பிரிக்கவே இல்லை. துணி எடுப்பாள், போடுவாள், கழற்றியதைத் துவைத்துக் காய்ந்ததும் திரும்பப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிடுவாள். எந்த நேரமும் அப்பா வந்து கூப்பிடுவார் என்பதற்குத் தயாராக.

டிவி பார்க்க உட்கார்ந்தாள். விளம்பரம் வந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினாள். பீரோவில் அதே பொம்மை. மறுபடி டிவி. மறுபடி பீரோ.

"மாமா, அவ உங்க வூட்ல கீறாளா?"

"இருக்கா."

"எட்த்துக் குடு மாமா."

பிள்ளைகளுக்கு மறுக்கத் தெரியாத ஆள் நான். அதனால் பொய் சொல்லிப் பழகியிருக்கிறேன். சாவி தொலைந்துவிட்டது என்றேன்; டிவி மேலிருந்த சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டி ஒட்டிக்கொண்டுவிட்டது என்றேன், கத்தரிக்கோல் கொண்டுவந்தாள். ஜெராக்ஸ் கடை வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சமா. விளம்பரம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. வரும்போதெல்லாம் அவள் வாதம் பலப்பட்டது.

"டிவில மட்டும் வெளிய வரா. இங்க மட்டும் ஏன் வர மாட்டா? இவளுக்கு இன்னா?"

கண்ணாடியை அவள் மூக்கு தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கவுனின் சிவப்புப் பொட்டுகள் என் கண்ணில் பட்டன. யோசிக்காமல் சொன்னேன்: "அவளுக்கு அம்மை வார்த்திருக்கு."

அவள் கை கண்ணாடியிலிருந்து உடனே எடுபட்டது. இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. அன்றைக்கு மத்தியானம் நான் தூங்கிய தூக்கம் வெற்றி பெற்றவனின் தூக்கம். எழுந்தபோது பீரோக் கைப்பிடியில் ஒரு கொத்து வேப்பிலை. டிவி மேல் ஒன்று. வாசல் நிலையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொத்து.

அடுத்த வீட்டு மரத்திலிருந்து அவளே எக்கிப் பறித்து வந்திருந்தாள். போன பங்குனியில் அவளுக்கே அம்மை வார்த்திருந்தது. மூக்கின் ஓரத்தில் இன்னும் ஒரு தழும்பு. முறைகள் எல்லாம் அவளுக்கு அத்துபடி. நான் விளையாட்டாகச் சொன்னதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவியை அடுப்படிக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள், வேப்பிலையைக் கழற்றிவிடலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளிப்பதற்காக வைத்திருந்த வாணலியை இறக்கி வைத்தாள்.

"இன்னாங்க சொல்லிட்டு வந்திருக்கீங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"அம்மன் பேரு பேச்சுக்குச் சொல்ற பேரா? வாசல்ல வேப்பில கட்டியாச்சி. மூணாவது தண்ணி ஊத்தாம அத்த எடுக்கக் கூடாது. நீங்க எடுங்க, நான் எடுக்க மாட்டேன்."

எனக்கும் கை வரவில்லை. நான் நிறையப் படித்தவன். எந்தப் புத்தகமும் அந்த நிமிஷம் துணைக்கு வரவில்லை. வாசலில் கட்டிய வேப்பிலையைப் பொய் என்று சொல்லி அறுத்துப் போடுகிற ஆண்மகன் எங்கள் தாலுகாவில் இருந்தால் அவனை நான் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து.

இப்படியாக நான் என் வீட்டில் அடைபட்டேன்.

தாளிப்பு நின்றது. கருவாடு நின்றது. முகச்சவரம் கூடாது, நரைத்த தாடி முளைத்து, பார்ப்பவர்கள் எனக்குத்தான் ஏதோ என்று நினைத்தார்கள். அம்மை வீட்டிலிருந்து யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதால் ஜெராக்ஸ் கடைக்கு குழந்தையே ஸ்டூலைக் குறுக்கே போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் காலம், வருஷத்தில் எனக்கு இருக்கிற ஒரே சீசன். ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வேப்பிலையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள்.

"யாருக்குங்க?" என்று கேட்பார்கள்.

"உள்ள ஒரு பொண்ணுக்கு" என்பேன். அது பொய்யில்லை.

எதிர் வீட்டிலிருந்து இளநீர் வந்தது. பக்கத்து வீட்டம்மா நுங்கு அனுப்பினாள். இன்னொருவர் கூழ் காய்ச்சிச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்துவிட்டார். அம்மைக்காக வந்ததைத் திருப்பி அனுப்பினால் தப்பு. பொம்மைக்குப் படைத்துவிட்டு எல்லாவற்றையும் நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு நுங்கும் தொண்டையில் கேள்வி கேட்டுக்கொண்டு இறங்கியது.

குழந்தையோ பீரோ பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஒருநாள் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது பொம்மையிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சொறியாத. சொறிஞ்சா தழும்பாயிடும். நான் இங்கதான் கீறேன்."

"நீ ஏன் இங்கயே உக்காந்திருக்கே? வெளிய போய் விளையாடேன்" என்றேன்.

"தனியா போட்டுட்டா பயமா இருக்கும் மாமா. என்னைக் கடைசி ரூம்ல போட்டாங்களே. அம்மா மட்டும்தான் வந்துகினு இருந்துச்சி."

விளம்பரம் வந்தது. திரையில் அவள் செருப்பில் விளக்கெரிய ஆடினாள்.

"டிவில நல்லா கீறாளே, அது எப்படி?" என்று என் மனைவி வேண்டுமென்றே கேட்டாள். எனக்காகக் கேட்ட கேள்வி.

"அது அவ அக்கா" என்றாள் குழந்தை. "அவளுக்கு முன்னாடியே வார்த்துடுச்சி."

முதல் தண்ணி ஊற்றும் நாள் வந்தது. மனைவி பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, முற்றத்து வெயிலில் வைத்தாள். பெட்டியோடு எப்படி ஊற்றுவது என்று கேட்டேன். வாய்தா வாங்குகிற வக்கீல் மாதிரி பேசி, முதல் தண்ணியைப் பீரோக் கண்ணாடிமேல் வேப்பிலையால் தெளிப்பதோடு நிறுத்தினேன். இரண்டாவது தண்ணிக்குப் பெட்டியை முற்றம்வரை கொண்டுபோய், மேலே பாலித்தீன் உறை சுற்றி, தெளித்தேன். மூன்றாவதற்கு இதெல்லாம் செல்லாது என்று குழந்தை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மூணாவது தண்ணி தலைக்கு. துணியை மாற்ற வேண்டும். வெளியே வர வேண்டும்.

கார்டுக்குப் போன் போட்டேன். குரலைத் தாழ்த்திப் பேசினேன், கடத்தப்பட்டவன் மாதிரி.

"நீங்க வந்து பெட்டியைத் தூக்கினு போயிடுங்க. ஜூன்வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்."

"கவலப்படாத நைனா. நம்ம சீலு ஒடைய உடுவமா" என்றார்.

மறுநாள் காலையில் மொபெட்டில் வந்து இறங்கினார். ஒரு பெரிய துணிப்பையும் கொண்டு வந்திருந்தார். வாசலில் குழந்தை நின்றுகொண்டிருந்தாள்.

"யார் வூட்டுக்கு?"

"மாமாவைப் பாக்கணும் கண்ணு."

"எங்கிருந்து வரீங்க?"

கார்டு யோசித்தார். வரும் வழியில் வாலாஜாபாத்தில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு சாவு. ஒரு மாலையைப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். வேப்பிலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொம்மை என்று அவருக்குத் தெரியும். பொய் என்றும் தெரியும். இருந்தும் அவருடைய கால் பின்னால் போயிற்று.

"சாவு வூட்டுலேந்து வரேன்டா நைனா" என்றார் தெருவிலிருந்தே. "நான் உள்ள வரக் கூடாது. தப்பு."

"அது பிளாஸ்டிக்குங்க" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரியுது. ஆனாலும் வேப்பில கீதே."

மொபெட்டைக் கிளப்பிப் போய்விட்டார். துணிப்பை காற்றில் ஆடிக்கொண்டே போனது.

மூன்றாவது தண்ணிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது செங்கல்பட்டிலிருந்து போன் வந்தது. ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். குழந்தை ஓடிப்போய் டிவிக்குக் கீழே இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பையும் போட்டுவிட்டாள். அப்பா வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்தாள், வேப்பிலைக்கு நேர் கீழே.

மச்சினன் பைக்கில் வந்தான். தூக்கமில்லாத கண், சிரிப்பு. வாசலைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அக்கா, யாருக்கு?"

மனைவி வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், நான் சொன்ன பொய் உள்பட, கொஞ்சம் அழுத்தமாகவே. அவன் சிரித்துவிடுவான், மகளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவான் என்று நான் நம்பினேன். அவன் பைக்கிலிருந்து இறங்கவில்லை.

"அங்க பச்சப்புள்ளக்காரி கீறா அக்கா" என்றான். "வேப்பில கட்டின வூட்டுலேந்து எப்படி இட்டுனு போறது? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கதான். ஆனா நாளைக்குக் கொயந்தைக்கு ஒண்ணுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை.

மகளுக்கு இது எங்களுக்கு முன்பே புரிந்திருந்தது. அப்பா வந்ததும் எழுந்து ஓடியிருக்க வேண்டியவள், படியிலேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "பாப்பாவுக்கு ஒட்டிக்கும்பா. நீ போ. நான் மூணாவது தண்ணி ஊத்திட்டு வரேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயில் பீரோவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. முதுகில் பையோடு பின்னாலிருந்து பார்க்க, அட்டையோடு சேர்த்துக் கட்டிவைத்த பொருள் மாதிரி இருந்தாள்.

நான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று அதுவரை புலம்பிக்கொண்டிருந்தேன். தாடி, தாளிப்பு, கடை. அறைக்குள் இன்னொரு ஆள் அடைபட்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது. பூட்டியது நான்.

"இன்னைக்கே ஊத்தக் கூடாதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜூன் மாதமும் மேசையும் எல்லாம் இருந்தன. "முத்து எறங்கியிருந்தா ஊத்தலாம்" என்றாள். "எறங்கிச்சா இல்லையான்னு உடம்பைப் பாக்கணும்."

உடம்பைப் பார்க்க வேண்டும் என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

பெட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தேன். குழந்தை பக்கத்தில் வந்து குந்தினாள். மச்சினன் தெருவிலிருந்தே எக்கிப் பார்த்தான். நகத்தால் டேப்பைக் கிளப்பினேன். பழுத்த டேப், சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. இவ்வளவு வருஷம் நான் காவல் காத்தது இதைத்தான். தானாகவே எப்போதோ விட்டுப்போய், ஒட்டியிருப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்திருக்கிறது.

உள்ளே அவளைக் கம்பிகளால் அட்டையோடு முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கழுத்தில், இடுப்பில், இரண்டு மணிக்கட்டில், இரண்டு கணுக்காலில்.

"யார் மாமா கட்டிப் போட்டது?"

"கம்பெனிக்காரன்."

"நீங்க அவுக்கலியா?"

அவிழ்த்தேன். எனக்குத் தைரியம் இருந்தது. கம்பெனி பிளாஸ்டிக் உடம்பு, மாசு மறு இல்லாமல் வழவழவென்று இருக்கும். பார், முத்தெல்லாம் இறங்கிவிட்டது என்று காட்டி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, இவளை அனுப்பிவிடலாம். பொட்டுக் கவுனின் முதுகுப் பொத்தானைக் கழற்றி, துணியை மெல்ல உரித்தேன். உரிக்கத்தான் வேண்டியிருந்தது, ஒட்டியிருந்தது.

முதுகு, வயிறு, கை, தொடை எங்கும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள்.

மனைவியின் கை தானாகக் கும்பிடப் போனது. தெருவில் மச்சினன் "அம்மா தாயே" என்றது கேட்டது. நான் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கினாற்போல் நின்றேன். சொன்ன பொய் பதினைந்து வருஷமாக உள்ளே எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இதன் காரணத்தைப் பிறகு தையல்கார அம்மா போனில் சொன்னார்: "செவப்புச் சாயம் சார். துணி ஒடம்போட ஒட்டினு கெடந்தா பிளாஸ்டிக் குடிச்சிரும். ரொம்ப வருஷம் பிரிக்காம வெச்சா அப்படித்தான். நான் சொன்னா நீங்க எங்க கேட்டீங்க." ஆனால் அந்த நிமிஷத்தில் முற்றத்தில் இருந்த யாருக்கும் சாயம் என்று தோன்றவில்லை. எனக்கும்தான். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: முத்து இறங்கவில்லை. இவள் போக முடியாது.

குழந்தை பொம்மையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெட்டியில் வந்ததிலிருந்து பொம்மையை முதன்முதலாகத் தொட்ட கை அவளுடையது. என்னுடையதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒரு பொட்டின்மேல் விரலை வைத்துத் தடவினாள். அடுத்தது. அடுத்தது. அவசரமே இல்லை. பிறகு அதே விரலால் தன் மூக்கோரத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

சென்னை மண்டபத்தில் எந்த நடுவரும் எந்தப் பொம்மையையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"மேடு இல்ல அத்தை" என்றாள். "எறங்கிடுச்சி. இது வெறும் தழும்பு. எனக்கு கீதே, அதுமாதிரி."

மனைவி அவள் தோளிலிருந்த பையை மெதுவாகக் கழற்றினாள். "அப்போ ஊத்துவமா?"

"ஊத்துவோம்."

அண்டாத் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தை பொம்மைக்குத் தலைக்கு ஊற்றினாள். பிறகு தனக்கும் ஊற்றச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் சட்டையோடு குந்தினேன். மஞ்சள் தண்ணீர் தாடி வழியாக இறங்கியது. வாசல் வேப்பிலையை மனைவி எடுத்தாள். ஈரத் தலையோடு, வேறு பாவாடை சட்டையில், குழந்தை பைக்கில் ஏறினாள்.

பொம்மையை அவளிடம் நீட்டினேன். நீட்டும்போது என் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம் மாமா. இப்பத்தான் தண்ணி ஊத்தினது. பாப்பா சின்னது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

பைக் கிளம்பியது. கொஞ்சதூரம் போய் நின்றது. அவள் திரும்பிக் கத்தினாள்: "மாமா, தலை காயற வரைக்கும் தனியா உட்டுடாதீங்க."

உள்ளே வந்தேன். ஈரப் பொம்மையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கார்டு போன் பண்ணினார்.

"சீலு எப்படி கீது?"

"தண்ணி ஊத்தியாச்சி. தழும்பு இருக்கு. மத்தபடி நல்லா கீறா."

சாவு வீட்டில் துக்கம் கேட்டுப் பழகின மனிதர். "ஏதாவது சாப்டியா நைனா?" என்று மட்டும் கேட்டார்.

டிவியில் மழை பெய்தது. ஜன்னலோரம் சிறுமி உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் எண்ணெய் காய்ந்து, எத்தனையோ நாள் கழித்து, கடுகு வெடித்தது. பின்னாலேயே கருவாட்டு வாசனை. சாப்பிட வாங்க என்று மனைவி கூப்பிட்டாள். போக வேண்டும்தான். பொம்மையின் முடியைத் தொட்டுப் பார்த்தேன். நைலான் முடி, சீக்கிரம் காயும் என்று நினைத்திருந்தேன். அடிமுடி இன்னும் ஈரமாகவே இருந்தது.

"தட்டை இங்கயே கொண்டாயேன்" என்றேன்.